கேக் வண்டி

மூன்று கடையில் கேஸ் அடித்தாயிற்றாம்.
மூன்று ரசீதையும் பானெட் மேல் பரப்பி
காற்றில் பறக்காமல் என் ஸ்பானரையே எடுத்து வைக்கிறாள்
கேக் கடை ஃபெலிஸ்தா.
சித்திரை முடியவில்லை.
தாம்வேயில் தார் ரோடு
செருப்பைப் பிடித்து இழுத்துவிட்டு விடுகிறது.

"கரண்ட் நாலு மணி நேரம் இருக்கு, எட்டு மணி நேரம் இல்ல.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தினா
கேக்கை விக்கிற காசு டீசலுக்கே போயிரும்.
இந்த வண்டிதான் என் ஃபிரிட்ஜு."

பழைய வெள்ளை ப்ரோபாக்ஸ்.
பின்சீட்டை மடித்துப் போட்ட இடத்தில்
மூன்றடுக்குக் கேக் நிற்கிறது.
ஐந்து மணிக்கு இன்செயினில் கல்யாணம்.
மேலடுக்கு ரோஜா ஒன்று
ராத்திரி வாட்ச்மேன் மாதிரி
தலை சாய்க்கத் தொடங்கியிருந்தது.
கடைப் பையன் சோ லின்னிடம் அட்டையைக் கொடுத்து
விசிறச் சொன்னேன். கேக்குக்கு.
அவன் என்னைப் பார்த்தான்,
பிறகு விசிறினான்.

எஞ்சினை ஓடவிட்டேன்.
கம்ப்ரஸர் டக்கென்று பிடிக்கிறது.
சின்ன பைப் சுடுகிறது. பெரிய பைப்
வேர்க்க வேண்டியபடி வேர்க்கிறது.
நீலமுள் முப்பத்தைந்தில், சிவப்பு இருநூற்று முப்பதில்.
எல்லாரும் வேலைக்கு வந்திருக்கிறார்கள்.
ஆனால் டேஷ்போர்டு ஓட்டையில் கை வைத்தால்
காய்ச்சல்காரன் மூச்சு.

குளிர் பிறக்கிறது,
வந்து சேரவில்லை.

பதினோரு வருஷத்தில்
ரங்கூனில் யாரும் ஹீட்டர் என்று வாய் திறந்ததில்லை.
நானும் அந்தப் பக்கம் பார்த்ததில்லை.
எஞ்சின் சுவரில் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்
அங்கேதான் இருந்தன, எப்போதும் போல.
தொட்டேன். விரல் கொப்பளிக்கப் பார்த்தது.
துணி சுற்றி, கிரிப் போட்டு ஒன்றை நெரித்தேன்.
"இப்ப காத்தைப் பாருங்க."

முதலில் அதே மூச்சு.
பிறகு ஈரத்துணி.
தொண்ணூறு எண்ணுவதற்குள்
அவள் தனாக்கா பூசிய முகத்தை
ஓட்டைக்கு நேராக வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டாள்.
கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கையுறைப் பெட்டியைக் கழற்றி
உள்ளே டார்ச் அடித்தால்,
சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் உள்ள கதவு
பாதியில் நிற்கிறது. இடுக்கில் ஏதோ.
நீளமூக்குக் குறடு. இரண்டு தடவை நழுவியது.
மூன்றாவதில் வந்தது
சுண்டுவிரல் நீளப் பென்சில்.
ஜப்பான் எழுத்து, பல் பதிந்த முனை.

ஏலச்சீட்டில் ஹொக்கைடோ என்று இருந்ததாம்.
எந்தப் பனிக்காலத்திலோ எவரோ
கணக்கு எழுதிவிட்டு
கண்ணாடியோரம் போட்டிருக்கிறார்.
அது உருண்டு ஓட்டையில் விழுந்து
கதவைச் சூட்டுப் பக்கமே திறந்து வைத்திருக்கிறது.
அங்கே அது பழுதே இல்லை.
"எனக்கு முன்னால வச்சிருந்தவன்
எப்பவும் கண்ணாடியை இறக்கிட்டேதான் ஓட்டுவான்" என்றாள்.
"காத்து பிடிக்கும்னு சொன்னான், பாவி."

கதவின் கொக்கியும் உடைந்திருந்தது.
கம்பியால் இழுத்துக் குளிர்ப் பக்கமாகக் கட்டினேன்.
மேமியோ போறதா இருந்தா சொல்லுங்க,
அவிழ்த்து விடறேன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. மூன்று ரசீதையும்
நான்காய் மடித்து பிளவுஸில் செருகினாள்.
அந்த மூன்று கடைக்கும் இன்று விருந்தாளி உண்டு.

ரோஜாவை ஒரு விரலால் நிமிர்த்தி
அந்த விரலைச் சோ லின் வாயருகே நீட்டினாள்.
கண்ணாடி நான்கும் ஏறின.
வண்டி முக்குத் திரும்பியதும்
தெருவுக்குக் கரண்ட் வந்தது.
என் மேலே மின்விசிறி முனகிச் சுழன்றது.
அவள் கடையில் ஃபிரிட்ஜும் இப்போது
உறுமிக்கொண்டிருக்கும்,
காலியாக.